முற்றத்துக் கல் இறங்கிவிட்டதா? இறங்கிய விதத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பதும் திரும்பப் பதிப்பதும்

வீட்டை ஒட்டிய திறந்த முற்றத்தில் பாவிய கற்களில் ஒன்று இறங்கிவிட்டால், அதைப் பெயர்த்து, அடியில் இரண்டு கரண்டி மணலைப் போட்டு, திரும்ப வைத்துத் தட்டிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே கல் அதே பள்ளத்தில் கிடந்தது. மறுபடி மணல், மறுபடி மழை. மூன்றாம் தடவை கல்லைத் தூக்கியபோது மணலைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, சாய்வாக உள்ளே போயிருந்தது. அதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சமும் தேங்காமல் ‘களக்’கென்று இறங்கிவிட்டது. கூரையிலிருந்து வரும் மழைநீர்க் குழாய், மண்ணுக்குள் வளையும் இடத்தில் இணைப்பு விட்டிருந்தது. நான் போட்ட மணல் எல்லாம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அதிலிருந்து, கல்லைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. கல் தானாக இறங்காது. அடியில் இருந்தது கரைந்து போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அமுங்கியிருக்க வேண்டும். இரண்டில் எது என்பதை, கல் இறங்கியிருக்கும் விதமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடப்பாரையை எடுக்கும் முன்

சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டுங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் அடியில் நிரம்பியிருக்கிறது. ‘டொப்’ என்று கேட்டால் உள்ளே வெற்றிடம். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். அடுத்து, நீளமான நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்து, எந்தக் கல் எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்து கல்லின் மேலேயே எழுதுங்கள். கடைசியாக, முற்றத்தின் மேட்டுப் பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எந்த இடுக்கில் காணாமல் போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு கல் மட்டும் தாழ்ந்திருக்கிறது, சுற்றிலும் எல்லாம் சரி

இருப்பதிலேயே எளிதானது இதுதான். பதித்தவர் அந்த ஒரு கல்லின் அடியில் கலவையைக் குறைவாகப் போட்டிருப்பார், அல்லது கனமான பூந்தொட்டி மாதிரி ஏதோ ஒன்று நெடுநாள் ஒரே மூலையில் அழுத்தியிருக்கும். கல்லைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பரப்பு காய்ந்து, துளை எதுவும் இல்லாமல், சீராக இருந்தால் கலங்க வேண்டாம். அடிக் கலவையை மாற்றிப் பதித்தால் போதும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க அங்கே மட்டும் ஈரம் இருந்தாலோ, துளை தெரிந்தாலோ, கீழே ‘நீளவாக்கில் பள்ளம்’ என்ற பகுதிக்குப் போங்கள்.

இடுக்குகளில் நைசான மணல் சிறு குவியலாக ஏறி நிற்கிறதென்றால் எறும்பு. வெறும் மணலில் பதித்த கல்லுக்கு அடியிலிருந்து எறும்புகள் ஒவ்வொரு மணியாக மேலே கொண்டுவந்து கொட்டும்; ஓரிரு வருடத்தில் கல் இறங்கும் அளவுக்கு அது சேரும். மருந்து அடித்தாலும் மணல் இருக்கும்வரை திரும்ப வரும். அந்த இடத்தில் மட்டுமாவது மணலை எடுத்துவிட்டு சிமெண்ட் கலவையில் பதித்துவிடுங்கள்.

தாழவில்லை, ஆனால் கால் வைத்தால் ஆடுகிறது

எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி நின்று பாருங்கள். எந்த இரண்டு மூலைகள் அசையாமல் இருக்கின்றனவோ, அவற்றை இணைக்கும் கோட்டின் மேல்தான் கல் ஊஞ்சல் போல ஆடுகிறது. அந்தக் கோட்டுக்கு அடியில் இறுகிய கலவைக் கட்டியோ ஜல்லியோ முட்டிக்கொண்டிருக்கும். தூக்கிச் செதுக்கிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் மழைக்குப் பிறகு மிதித்தால் இடுக்கிலிருந்து சேற்றுத்தண்ணீர் பீச்சுகிறதா? அதைத் தள்ளிப்போடாதீர்கள். கல்லுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் கல் ஒரு பம்பு மாதிரி அந்தத் தண்ணீரோடு நைஸ் மண்ணையும் வெளியே தள்ளுகிறது. இன்றைக்கு ஆடுகிற கல் அடுத்த மழைக்குள் தாழ்ந்துவிடும், பக்கத்துக் கல்லின் அடிமண்ணையும் இழுத்துக்கொண்டு.

முற்றம் முழுக்க ‘டொப்’ சத்தம், சில கற்களில் குறுக்கே விரிசல்

இது பதித்த முறையின் கோளாறு. நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைக் கலவையை வைத்து, அதன் மேல் கல்லை உட்காரவைத்துத் தட்டியிருப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், மட்டம் பிடிப்பதும் எளிது. அதனால்தான் அந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. ஆனால் உருண்டைகளுக்கு இடையே கல் அந்தரத்தில் நிற்கிறது. அந்த வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும், எறும்பு குடியேறும், கனமான பொருளை இறக்கி வைத்தால் கல் அங்கே முறியும். குளிரில் தண்ணீர் உறையும் ஊராக இருந்தால் உறைந்த நீர் விரிந்து கல்லையே தூக்கும்.

இடுக்கு வழியாகப் பாலாக எதையாவது ஊற்றி நிரப்பிவிடலாம் என்று தோன்றும். உள்ளே எது நிரம்பியது, எது நிரம்பவில்லை என்று பார்க்க வழியே இல்லாததால் நான் அதைச் செய்யமாட்டேன். ஒன்றிரண்டு கல் என்றால் அவற்றை மட்டும் எடுத்து முழு அடிக் கலவையில் பதியுங்கள். பத்தில் ஏழு கல்லில் அந்தச் சத்தம் வந்தால் முற்றத்தையே பெயர்த்துத் திரும்பப் பாவுவதுதான் நேர்மையான வழி.

நீளவாக்கில் ஒரு வரிசையே பள்ளம்

பள்ளம் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறதென்றால் அடியில் ஒரு காலத்தில் யாரோ வாய்க்கால் வெட்டிக் குழாயோ கேபிளோ பதித்திருக்கிறார்கள். கோட்டின் ஒரு முனையில் குளியலறையோ சமையலறையோ இருக்கும், மறுமுனையில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருக்கும். வெட்டிய மண்ணை மொத்தமாகத் திரும்பக் கொட்டி மேலாக மட்டும் மிதித்துவிட்டால், அது வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று: அது பழைய மண் அமுங்கியதா, குழாய் ஒழுகுகிறதா? பழைய மண் என்றால் இறக்கம் வரவரக் குறைந்து ஒரு நிலையில் நின்றுவிடும். ஒழுகல் என்றால் நிற்காது. கடும் கோடையிலும் அந்த இடுக்கில் மட்டும் புல் பச்சையாக நிற்பது, கல்லைத் தூக்கியதும் சாக்கடை வாடை அடிப்பது, மண் கருத்துக் குழைவாக இருப்பது எல்லாமே ஒழுகலைக் காட்டும். குடிநீர்க் குழாய் என்றால் வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ போகிறது. கழிவுநீர்க் குழாய் மீட்டரில் தெரியாது. அதன் கீழ்முனையை அடைத்து, மேல்முனைவரை நீர் நிரப்பி, மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரத்தில் கோட்டைவிட்டுக் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் குழாயைச் சரிசெய்யும் வரை கல்லைப் பற்றிப் பேச்சே வேண்டாம். உடைந்த கழிவுநீர்க் குழாய் தண்ணீரை வெளியே விடுவதோடு நிற்காது. சுற்றியுள்ள மண்ணையும் உள்ளே இழுத்து அடித்துக்கொண்டு போகும். எத்தனை வண்டி மணல் கொட்டினாலும் அது விழுங்கிவிடும்.

சுவரோரம் இறங்கியிருக்கிறது, தண்ணீர் வீட்டைப் பார்த்து வருகிறது

எல்லா அறிகுறிகளிலும் எனக்குப் பயம் தருவது இதுதான். வீட்டின் அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய குழியைச் சுவர் எழும்பியபின் தளர்வான மண்ணாலும் கட்டட இடிபாட்டாலும் மூடியிருப்பார்கள். அது அமுங்கியதும் முற்றத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்காக வைத்த சரிவு, வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. வெளியே ஓட வேண்டிய மழைநீர் முழுவதும் அஸ்திவாரத்தின் ஓரத்தில் போய் நிற்கிறது. அது மண்ணை இன்னும் இளக்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

சுவரோரக் கற்களை எடுத்துவிட்டு, கெட்டி மண் தட்டுப்படும்வரை தோண்டுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. பிறகு 75 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்காக ஜல்லித்தூள் கலந்த ஜல்லியைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் (தரையை இடித்து இறுக்கும் கனமான கருவி) இடித்து மேலே வாருங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் முதலில் செய்த தவறையே திரும்பச் செய்கிறோம்.

பள்ளத்தின் மேலேயே இன்னொரு அடுக்குக் கல் பதித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்க வைத்திருக்கும் அடுக்கிலிருந்து முற்றத்தின் மேல்மட்டம் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே மேலே ஏற்றினால் அந்த அடுக்கைத் தாண்டி ஈரம் வீட்டுக்குள் வரும்.

ஓரக்கற்கள் வெளிப்புறமாகச் சரிகின்றன

ஓரத்தில் தாங்கல் இல்லை. இடுக்குகள் வெளியோரத்தை நோக்கிப் போகப்போக அகலமாகியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஓரக்கல்லின் வெளிப்பக்கம் குழி வெட்டி, கல்லின் பாதி உயரத்துக்காவது கான்கிரீட்டைச் சரிவாக அணைத்துப் போடுங்கள். மேலே மண் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது.

இறங்கியது போலத் தெரிகிறது, ஆனால் பக்கத்துக் கல்தான் எழும்பியிருக்கிறது

மரம் பக்கத்தில் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நேர்ச்சட்டத்தை இரண்டு மூன்று கல் தள்ளி வைத்துப் பார்த்தால் எது இடம் மாறியது என்று தெரிந்துவிடும். மெல்லிய வேரை வெட்டலாம். கை மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டினால் மரம் காற்றில் நிற்கும் பலமே குறையும். அந்த இடத்தில் கற்களை எடுத்துவிட்டு மரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மண்ணை விடுவது மரத்துக்கும் நல்லது, முற்றத்துக்கும் நல்லது.

கோடையில் பள்ளம், மழையில் சரியாகிவிடுகிறது

களிமண். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். கல்லை மட்டும் திரும்பப் பதித்துப் பயனில்லை. களிமண்ணை ஒரு சாண் ஆழத்துக்காவது எடுத்துவிட்டு ஜல்லி அடுக்கைக் கனமாக்க வேண்டும்.

ஒரே நாளில் திடீரென்று கையளவு இறங்கியது

அதன் மேல் நிற்காதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். அடியில் பெரிய வெற்றிடம் இருக்கலாம்: மூடிய பழைய கிணறு, கைவிட்ட கழிவுத்தொட்டி, உடைந்த பெரிய குழாய். இது கரண்டி வேலை இல்லை. தடுப்பு வைத்துவிட்டு, தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கல்லைப் பெயர்ப்பது

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 450 மில்லிமீட்டர் சதுரம், 50 மில்லிமீட்டர் கனமுள்ள கல் ஏறக்குறைய 24 கிலோ. 600 சதுரம் என்றால் 43 கிலோ. 900-க்கு 600 என்றால் 65 கிலோவைத் தொடும். கடைசி இரண்டையும் ஒரு ஆள் குனிந்து தூக்கக்கூடாது.

கற்களை மாற்றி வைத்துக் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் எண்ணும், ஒரே திசையைக் காட்டும் அம்புக்குறியும் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் உள்ள பழைய கலவையை உளியால் அடிவரை சுரண்டி எடுங்கள். அதைச் செய்யாமல் நெம்பினால் உடைவது பக்கத்துக் கல்லின் விளிம்புதான். ஓரத்திலிருந்து தொடங்க முடியாமல் நடுக்கல்லைத்தான் எடுக்க வேண்டும் என்றால், எதிரெதிர் இடுக்குகளில் இரண்டு தட்டையான கடப்பாரைகளை நுழைத்து, கடப்பாரைக்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நெம்புங்கள். ஒரு பக்கம் எழும்பியதும் அடியில் கட்டை கொடுத்துவிடுங்கள். விரலைக் கொடுக்காதீர்கள். எடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு நடக்காமல், இரும்புக் குழாய்த் துண்டுகள் மூன்றின் மேல் உருட்டித் தள்ளினால் இடுப்பு தப்பிக்கும்.

வாட்டம் பிடிப்பது

வழுவழுப்பான கல்லுக்கு 80-க்கு 1, சொரசொரப்பான கல்லுக்கு 60-க்கு 1. அதாவது 4 மீட்டர் அகல முற்றத்தில், வழுவழுப்பான கல் என்றால், வெளியோரம் சுவரோரத்தைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குப் போட வேண்டியதில்லை. 1.2 மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையில், அடிப்பக்கமாக 15 மில்லிமீட்டர் மரத்துண்டை ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த முனையைத் தாழ்ந்த பக்கம் வைத்து, மேலே ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரியாக 80-க்கு 1. சொரசொரப்பான கல்லுக்குத் துண்டை 20 மில்லிமீட்டராக மாற்றினால் போதும்.

ஒன்றிரண்டு கல் மட்டும் என்றால் வாட்டத்தைச் சுற்றியுள்ள கற்களே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் நூல் கட்டி அதைத் தொட்டும் தொடாமலும் கல்லை வையுங்கள்.

அடியைத் தயார் செய்து பதிப்பது

பழைய அடிக் கலவையை முழுவதும் எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே புதுக் கலவையைப் போட்டால் இரண்டும் பிடிக்காது. கல்லின் அடியில் ஒட்டியிருப்பதையும் செதுக்குங்கள். 50 மில்லிமீட்டர் கல்லுக்கு 40 மில்லிமீட்டர் கலவை வேண்டும் என்றால், பக்கத்துக் கல்லின் மேல்மட்டத்திலிருந்து 90 மில்லிமீட்டர் கீழே கெட்டியான தளம் இருக்க வேண்டும். அதைவிட ஆழமாக இருந்தால் மிச்சத்தைக் கலவையாலோ மணலாலோ நிரப்பாதீர்கள். ஜல்லியால் நிரப்பி இடியுங்கள். மணல் அடுக்கு கனக்கக் கனக்க ஒரே சீராக அமுங்காது. ஜல்லியும் ஒரே அளவாக இருக்கக்கூடாது. 40 மில்லிமீட்டர் கல்லிலிருந்து தூள்வரை கலந்ததாக இருந்தால்தான் இடித்ததும் இறுகும். இடைவெளியுள்ள ஜல்லியாக இருந்தால் மேலே போட்ட மணல் மெல்ல அதற்குள் சரிந்துவிடும்.

கலவைக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து அல்லது ஆறு பங்கு பருமணல். தண்ணீரில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கையுறை போட்ட கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்ததும் கொழுக்கட்டை மாதிரி விரல் ரேகையோடு நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையுறையில் சேறாக ஒட்டினால் அதிகம். அதில் கல் மிதந்து ஒரு பக்கம் முங்கும். ஈர சிமெண்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கலவையை முழுப் பரப்பிலும், வேண்டிய மட்டத்துக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் கூடுதலாகப் பரப்பி, கரண்டி நுனியால் சிறு சிறு பள்ளங்களாகக் கொத்திவிடுங்கள். தட்டும்போது கலவை நகர அந்தப் பள்ளங்கள் இடம் கொடுக்கும். கல்லின் அடிப்பரப்பில் கெட்டியான சிமெண்ட் பாலைப் பிரஷால் தடவுங்கள். ஒரு ஓரத்தை முதலில் ஊன்றி, மெல்லச் சாய்த்து இறக்கி, ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். மட்டம் வந்துவிட்டது என்று தோன்றும் முதல் கல்லை ஒருமுறை திரும்பத் தூக்கிப் பாருங்கள். அடிக் கலவை முழுவதும் கல்லின் அச்சு விழுந்திருந்தால் சரி. ஒரு இடம் தடம் படாமல் இருந்தால் அங்கே இன்னும் ஒரு கரண்டி. ஐந்து நிமிட வேலைதான். ‘டொப்’ சத்தம் இனி வராது என்று அப்போது கண்ணால் பார்த்துவிடலாம்.

சிமெண்ட் கலக்காமல் மணலில் மட்டும் பதிப்பதாக இருந்தால், கல்லைப் பக்கத்துக் கல்லைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயர்த்தி வையுங்கள். நடக்க நடக்க அது இறங்கிச் சமமாகும்.

இடுக்குகளை நிரப்புவது

ஒரு நாள் கழித்துச் செய்யுங்கள், அதுவரை யாரும் மிதிக்கக்கூடாது. காய்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு மேலே தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். உள்ளே இறுகாமல் மேலே மட்டும் ஒரு தோல் மாதிரி பிடிக்கும், கல் முழுக்கச் சாம்பல் நிறக் கறையும் படியும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்ற, பிடித்தால் நிற்கும் கலவையை, இடுக்கைவிடக் கொஞ்சம் ஒல்லியான இரும்புப் பட்டையால் இரண்டு தடவையாக அழுத்தி நிரப்புங்கள். சிந்தியதை உடனே உலர்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள். மணலில் பதித்த கல்லுக்கு இடுக்கிலும் காய்ந்த மணல்தான். சில வாரம் கழித்து இறங்கிய இடங்களில் இன்னொரு முறை கூட்டித் தள்ள வேண்டியிருக்கும்.

பதித்த பிறகு வரும் சிக்கல்கள்

மறுநாள் பார்த்தால் ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கிறதா? கலவை இறுகிவிட்டதால் இனிமேல் அடித்து இறக்க முடியாது. அடித்தால் கல் முறியும். எடுத்துவிட்டுப் புதுக் கலவையில் பதிப்பது ஒன்றே வழி. வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த பிரஷால் தேய்த்துவிடுங்கள், மழை வெயிலில் மெல்ல மறையும். இடுக்கில் புதிதாக மயிரிழை விரிசல் ஒரே கல்லைச் சுற்றி நாலு பக்கமும் ஓடுகிறது என்றால் அந்தக் கல் மறுபடி அசைகிறது. திரும்பவும் சாக்பீஸ், திரும்பவும் தட்டிப் பார்ப்பது.

ஒரு வாரம் கழித்து, முதலில் ஊற்றிய அதே இடத்தில் அதே இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வெளியோரம்வரை ஓடிப் போய் மண்ணில் இறங்கினால் கருவிகளைக் கழுவி வைக்கலாம். நடுவில் எந்த இடுக்காவது இன்னும் தண்ணீரைக் குடிக்கிறது என்றால், அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்காமல் கருவிகளை உள்ளே வைக்காதீர்கள்.